லேஅவுட்டை யாரும் பார்க்கலை

அந்தப் பை கால்ல இடிக்குதுங்களா அக்கா? இருங்க, இந்தப் பக்கம் இழுத்து வெச்சுக்கறேன். கனம்தாங்க. உள்ள ஒரு ஸ்கோப்பு இருக்குது, அப்பறம் கருகிப்போன போர்டு நாலஞ்சு. ஸ்கோப்புன்னா டாக்டரு கழுத்துல மாட்டறது இல்லீங்க. சின்ன டிவி மாதிரி ஒரு பெட்டி. கரண்டு எப்படிப் போகுதுன்னு கோடு போட்டுக் காட்டும். நெஞ்சுக்கு ஈசிஜி எடுக்கறாங்கல்ல, அந்த மாதிரி.

நீங்க பொள்ளாச்சியோட எறங்கிக்குவீங்களா? நான் கோயமுத்தூருங்க. கள்ளிமந்தையம் வரைக்கும் போயிட்டு வர்றேன். ஒறம்பரை வீட்டுக்கு இல்லீங்க, வேலையா. தோட்டத்துல சோலார் பம்பு போடறாங்கல்ல, அந்தப் பம்பை ஓட்டறதுக்கு ஒரு கன்ட்ரோலர் பெட்டி வரும். அதைப் பண்ற கம்பெனியில டெஸ்டிங்ல இருக்கறேன். சாரதாமணி என் பேரு.

இந்த வெயில் காலம் பூராவும் எங்க ஆபீசுல நடந்த கூத்தைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. கோவம்னு இல்லீங்க. எனக்குக் கோவமே வர்றதில்லை இப்பல்லாம். சும்மா சொல்றேன், நேரம் போகணுமல்ல.

அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னா, பேனல்ல இருந்து வர்ற கரண்டு ஒரே பக்கமா வரும். அப்படியே குடுத்தா மோட்டாரு சுத்தாது. இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளுன்னு மாத்தி மாத்திக் குடுக்கணும். அதுக்கு ஜோடி ஜோடியா சுவிட்சு இருக்குது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேல இருக்கறதைப் போட்டா கீழ இருக்கறதை நிறுத்தணும். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஆயிரக்கணக்கான தடவை. கையால முடியுங்களா? அதுக்கு ஒரு சின்னச் சிப்பு, என்ற சுண்டுவெரல் நகத்தளவுதான் இருக்கும். கேட் டிரைவர்னு பேரு. நீ போடு, நீ நிறுத்து, நீ போடு, நீ நிறுத்துன்னு சொல்லீட்டே இருக்கறதுதான் அதுக்கு வேலை. ஒரே ஒரு தடவை தடுமாறி ரெண்டையும் சேர்த்துப் போட்டுச்சுன்னா முடிஞ்சுது. நேரா ஷார்ட்டு. பட்டாசாட்டம் வெடிக்கும்.

அந்தச் சிப்புதாங்க மாசி கடைசியில இருந்து சாக ஆரம்பிச்சுது. ஒரு ஊர்ல இல்ல. ஒட்டன்சத்திரம், தாராபுரம், அந்தப் பக்கம் உடுமலை.

அதுக்கு முந்தின மாசந்தான் எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. ஊருக்கு இல்லீங்க. செத்துப் போயிட்டாரு. ஐயோ, நீங்க எதுக்குப் பதறறீங்க. ஞாயித்துக்கெழமை வண்டிக்குக் காத்தடிக்கப் போனாரு. பஞ்சர் கடை பெஞ்சுல உக்காந்தவரு அப்படியே செவுத்துல சாஞ்சுட்டாரு. கடைக்காரரு தூங்கறாருன்னு நெனச்சுட்டு, ரெண்டு டயருக்கும் காத்தடிச்சு முடிச்சுட்டுத்தான் எழுப்பியிருக்காரு. நெஞ்சுதாங்க. அது வேற விசயம். அதை எதுக்குச் சொல்ல வந்தேன்னா, அவரும் எங்க கம்பெனிதான். அந்தச் சிப்பு உக்கார்ற போர்டை வரைஞ்சது அவருதான். ஈஸ்வரமூர்த்தி. எந்தச் சாமான் எந்த எடத்துல உக்காரணும், எந்தக் கோடு எந்த வழியாப் போகணும்னு வரையறாங்கல்ல, அதுக்கு லேஅவுட்டுன்னு சொல்லுவாங்க. அதுதான் அவரு வேலை. அவரு வரைவாரு, நான் டெஸ்ட் பண்ணுவேன். ஒரே வண்டியில போய் ஒரே வண்டியில வருவோம்.

குழந்தைங்களா? இல்லீங்க. கேப்பீங்கன்னு தெரியும்.

காரியம் முடிஞ்சதும் நான் வேலைக்கு வந்துட்டேன். வீட்டுல உக்காந்து என்ன பண்றதுங்க? என்ற எடத்துல ஏசி காத்து வராது. அவரு சேரு பக்கம் நல்லா வரும். அதனால அங்க உக்காந்துக்கிட்டேன். அவரு கம்ப்யூட்டர் மெஷின்லயே ரிப்போர்ட் அடிச்சுட்டு இருந்தேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. ஒரு ஆளு போனா அந்த எடத்துக்கு வேற ஆளைப் போடணுமல்லங்க? போடலை. அந்த மெஷினைக் கேட்டு ஒருத்தரும் வரலை. அப்படி ஒரு ஆபீசு.

சிப்பு செத்துச் செத்து வருதா? முதல்ல என்ன பண்ணுனாங்கன்னா, சிப்பு மோசம், ஒண்ணா வந்த அந்த லாட்டே மோசம்னு முடிவு கட்டீட்டாங்க. அதை யாரு சொன்னாங்களா? நான்தான் சொன்னேன். டெஸ்டிங் நான்தானே. திரும்பி வந்த எல்லாத்துலயும் சிப்பு ஓட்டை விழுந்து கெடக்குது, வேற என்ன சொல்றது? சரின்னு வேற கம்பெனிச் சிப்பு வாங்குனாங்க. அதுவும் செத்துச்சு. அப்பறம் சூடுன்னாங்க. பெரிய ஃபேன் போட்டாங்க. செத்துச்சு. அப்பறம் பேனல் ஒயர்ல இருந்து ஏதோ வருதுன்னு அதுக்கு ஒரு தடுப்பு. அதுவும் ஆகலை. எல்லாத்தையும் மாத்துவாங்க, லேஅவுட்டை மட்டும் யாரும் பாக்கலை. அதுதான் எனக்கு இன்னும் புரியலை. படிச்சவங்கதான் எல்லாரும்.

நௌஷாத்துன்னு ஒரு இன்ஜினீயரு, எங்க வீட்டுக்காரருகிட்டத்தான் வேலை கத்துக்கிட்டான். அவன் ஒருக்கா வந்து பக்கத்துல நின்னான்.

"அக்கா, லேஅவுட்டை ஒரு தடவை தொறந்து பாத்துரலாமா?"

"எதுக்கு?"

"சும்மாதாங்க்கா. பாத்து வெச்சுக்கலாம்னு."

"அவரு வரைஞ்சதுல என்ன இருக்கப் போகுது? சரியாத்தான் இருக்கும்"னேன்.

"சரிங்க்கா"ன்னு போயிட்டான். பாருங்க, ஒரு தடவை கேட்டான். அப்பறம் கேக்கவே இல்லை. ஒரு சந்தேகம் வந்தா விடாமப் புடிச்சுக் கேக்கணுமல்லங்க? அப்படியே விட்டுட்டான்.

எங்க மேனேஜரு கனகசபை சார் அதுக்கு மேல. தெனமும் வந்து அந்த சேரு பக்கத்துல நிப்பாரு. மெஷினைப் பாப்பாரு, என்னையப் பாப்பாரு. "சாரதாம்மா, சாப்பிட்டயா?"ம்பாரு. "சாப்பிட்டேனுங்க சார்"ம்பேன். போயிருவாரு. ஊரெல்லாம் பெட்டி வெடிக்குது, மேனேஜரு கேக்கற கேள்விங்களா அது? மீட்டிங் நடக்கும். நான் போய் கதவைத் தொறந்தா எல்லாரும் கப்புனு பேச்சை நிறுத்தீருவாங்க. டீயை எடுத்துக் குடிப்பாங்க. ஒரு பொம்பளைய வெச்சுட்டுத் தொழில் பேசக் கூடாதுன்னு நெனச்சாங்களோ என்னமோ.

நீங்க கேக்கறது சரிதான், நானே தொறந்து பாத்திருக்கலாம். நேரம் இல்லீங்க. திரும்பி வந்த பெட்டி அத்தனையும் நான் பாக்கணும். ரிப்போர்ட் அடிக்கணும். நேரம் எங்க இருக்குது?

அப்பறம் ஒரு நாளு போன் வந்துச்சு. பிலவேந்திரன்னு திண்டுக்கல் பக்கம் எங்களுக்கு சர்வீஸ் பாக்கறவரு. கள்ளிமந்தையத்துல நாட்ராயன்னு ஒரு விவசாயி தோட்டத்துக்குப் புதுப் போர்டு கொண்டு போய் மாட்டியிருக்காரு. புதுசு, புதுச் சிப்பு. மூடியைத் தொறந்து வெச்சுட்டே சுவிட்சைப் போட்டிருக்காரு. உச்சி வெயிலு. வெடிச்சு, கை பூராவும் கொப்புளம்.

"மேடம், ஆண்டவர் புண்ணியத்துல முகத்தைத் திருப்பிக்கிட்டேன். இல்லேன்னா கண்ணு போயிருக்கும். இனிமே நான் மாட்ட மாட்டேன். நீங்க யாராவது வந்து மாட்டுங்க."

அவரு பேசீட்டு இருக்கறப்பவே அந்த நாட்ராயன் போனைப் புடுங்கீட்டாரு.

"ஏம்மா, காத்தால ஓடுது, வெயிலு ஏறுனா வெடிக்குது. வெயில்ல ஓடாத சோலாரை எதுக்கு சாமி வித்தீங்க? எம்பட பந்தல் காயுது. பாகக்கொடி பூரா பிஞ்சு. கரண்டு லைனும் இல்லை, ஆயில் இன்ஜினையும் வித்துப்போட்டேன் உங்க பேச்சைக் கேட்டு. குடத்துல தூக்கியா ஊத்தறது நான்?"

நான் சரிங்க சரிங்கன்னு கேட்டுக்கிட்டேன். வேற என்ன சொல்றது? மத்தியானம்தான் வெடிக்குதுன்னு எங்களுக்கும் தெரிஞ்சதுதான். சூடுதான் காரணம்னு நெனச்சுட்டு இருந்தோம். ஆனா பிலவேந்திரன் மாட்டுன பெட்டி அப்பத்தான் போட்டது, சூடே ஆகலை. சூடாகறதுக்கு முந்தியே போயிருச்சு. அப்ப சூடு இல்லை. வெயிலு ஏறுனா வேற என்ன ஏறும்? கரண்டு ஏறும்.

நாங்க ஆபீசுல டெஸ்ட் பண்றது மேசை மேல, கம்மி லோடுல. அழகா ஓடும். சரி, நெசமான லோடுல பாப்பம்னு மொட்டை மாடிக்குப் போனேன். அங்க பேனல் இருக்குது, பின்னாடி தொட்டியில பம்பு இருக்குது. சித்திரை வெயிலு. நௌஷாத்தைக் குடை புடிக்கச் சொன்னேன், எனக்கு இல்லீங்க, ஸ்கோப்புக்கு. வெளிச்சத்துல கோடு தெரியாதல்ல.

காலையில இருந்து பாத்துட்டே நின்னோம். வெயிலு ஏற ஏற, கோடு கீழ குத்த ஆரம்பிச்சுது. சுவிட்சு நிக்கற ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துக்குக் கீழ ஒரு குத்து. ஊசியாட்டம். அந்தச் சிப்பு அவ்வளவு கீழ போனாத் தாங்காது. அதுக்கு மூளை கொழம்பி, எதைப் போடணும் எதை நிறுத்தணும்னு தெரியாமப் போயிரும்.

நௌஷாத்து சொன்னான், "ப்ரோப்பு கோளாறா இருக்கும்க்கா."

அவன் சொன்னதுலயும் ஞாயம் இருக்குது. ஸ்கோப்புல இருந்து தொட்டுப் பாக்கற குச்சிக்கு ப்ரோப்புன்னு பேரு. அதுல கிளிப்பு மாட்டுன நீள ஒயரு ஒண்ணு தொங்கும். அந்த ஒயரு நீளமா இருந்தா, இல்லாத ஆட்டத்தையும் இருக்கறதாக் காட்டும். நான் அதைக் கழட்டிப் போட்டுட்டு, ஒரு துண்டுக் கம்பியை ப்ரோப்பு மூக்குல சுத்தி, சிப்போட காலுலயே வெச்சு அமுக்கிப் பாத்தேன். குத்து கொஞ்சம் கொறஞ்சுது. ஆனா போகலை. நெசமான குத்துதான்.

"லேஅவுட்டு"ன்னேன்.

அவன் குடையை எறக்கீட்டான். "கீழ போலாங்க்கா, வெயிலு"ன்னான். ஆச்சரியம்கூடப் படலை பாருங்க அவன். இத்தனை நாளா ஊரே தேடற காரணம் கண்ணு முன்னாடி நிக்குது, வெயிலாம்.

அன்னைக்குத்தான் அந்த ஃபைலைத் தொறந்தேன். நான் உக்காந்திருந்த மெஷின்லயேதான் இருந்துச்சு.

தொறந்த ஒடனே தெரிஞ்சு போச்சுங்க. தேடவே வேண்டியதில்லை. சுவிட்சு எல்லாம் ஒரு ஓரம், சிப்பு இன்னொரு ஓரம். நடுவுல வெரல் நீளத்துக்குக் கோடு. கோடு நீண்டாலே ஆட்டம் வரும். போதாததுக்கு, போற கோடு ஒரு வழி, திரும்பி வர்ற கோடு வேற வழி. அந்தத் திரும்பி வர்ற கோடு, மோட்டாரு கரண்டு போற பெரிய பாதையோட கலந்து வருது. இப்ப இந்த ரோட்டுல லாரி போகுது, பஸ்ஸு போகுது. அதுக்கு நடுவுல ஒருத்தரு சைக்கிள்ல போனா எப்படி இருக்கும்? லாரிக்காரன் பிரேக் போடறப்பல்லாம் சைக்கிளுக்குத் தூக்கிவாரிப் போடுமல்ல? அதுதான். கம்மி லோடுன்னா ரோட்டுல லாரி இல்லாத நேரம். உச்சி வெயிலுன்னா சந்தை நாளு.

ஆனா ஒண்ணு சொல்லீர்றேன். அவரு அப்படி வரையற ஆளு இல்லீங்க. முதல்ல வரைஞ்சப்போ சிப்பைச் சுவிட்சுக்குப் பக்கத்துலதான் வெச்சிருந்தாரு. பெட்டியைச் சின்னதாக்கணும்னு கனகசபை சார்தான் சொன்னாரு. அதுக்காக, சூடு எறக்கற அலுமினியக் கட்டையை அந்தப் பக்கம் மாத்துனாங்க. சுவிட்சு அது மேலதான் உக்காரணும், அதனால கூடவே போயிருச்சு. சிப்பு மட்டும் இருந்த எடத்துலயே நின்னு போச்சு. அதையும் நகத்தோணும், கொஞ்ச நாள் குடுங்கன்னு கேட்டாரு. சீசன் வந்துருச்சு, அடுத்த தடவை பாத்துக்கலாம்னாங்க. கோடுகளை மட்டும் இழுத்து விட்டுட்டாரு. அடுத்த தடவை வர்றதுக்குள்ள அவரு போயிட்டாரு.

சரி, வரைஞ்சேன். நானேதான். எனக்கும் வரையத் தெரியும், அவரு பக்கத்துல உக்காந்து பாத்ததுதான். முதல்ல சிப்பை எடுத்துக்கிட்டுப் போய்ச் சுவிட்சோட காலடியில வெச்சேன். போற கோடும் வர்ற கோடும் ஒண்ணு மேல ஒண்ணா, ஜோடியா, பிரியாமப் போகணும். வர்ற கோட்டை லாரிப் பாதையில விடாமச் சுவிட்சு காலுல இருந்தே தனியா இழுத்தேன். சிப்புக்குச் சாப்பாடு மாதிரி ஒரு கெபாசிட்டர் வேணும், அது தூரமா இருந்தா பசிக்கறப்ப வந்து சேராது. அதையும் ஒட்டி வெச்சேன். பெரிய கரண்டு சுத்தற சுத்தையும் சின்னதாக்குனேன். கஷ்டமான வேலை ஒண்ணும் இல்லீங்க. எல்லாத்தையும் பக்கத்துல கொண்டு வர்றதுதான்.

அதுக்கு இருந்ததை எல்லாம் அழிக்கணுமல்ல. டெலீட்டை அமுத்துனா போயிரும். சத்தம்கூட வராது. அவரு கோட்டை மடிக்கறப்ப நேராக் குத்தி மடிக்க மாட்டாரு. கொஞ்சமாச் சாய்ச்சு, வளைச்ச மாதிரி மடிப்பாரு. அப்படி வேணும்னு ஒண்ணுமில்லை, நேரா இருந்தாலும் கரண்டு போகும். அவருக்கு அது புடிக்கும். அதெல்லாம் ஒண்ணொண்ணா அழிச்சேன். எனக்கு ஒண்ணுமே தோணலீங்க. கை வலிச்சுது, அவ்வளவுதான்.

நௌஷாத்து பின்னாடி வந்து நின்னான். "நான் பண்றேன்க்கா. நீங்க எந்திரிங்க"ன்னான்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா ஒனக்கு?"

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. ஊர்ல மெட்ராஸ் ஐ வந்திருந்த நேரம். இந்தப் பசங்க லீவு போட்டு வீட்டுல இருந்தா என்னங்க?

புதுசா வரைஞ்ச போர்டு வந்துச்சு. மாடியில வெச்சு உச்சி வெயில்ல ஓட்டுனோம். கோடு குத்தவே இல்லை. நேரா, கயிறு கட்டுன மாதிரி. ஆளு மாத்தி ஆளு வந்து பாத்தாங்க. கனகசபை சார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டே நின்னாரு. நான் எல்லாரையும் வெச்சுட்டுத்தான் கேட்டேன். "இத்தனை நாளா ஒருத்தருக்குமா லேஅவுட்டைத் தொறந்து பாக்கணும்னு தோணலை?"

கனகசபை சார் கீழ பாத்துட்டு, "தப்பு எங்க மேலதாம்மா"ன்னாரு. நானும் விட்டுட்டேன். ஒத்துக்கிட்டவரை என்ன கேக்கறது?

உடுமலை வந்துருச்சுங்களா? ஓ, இன்னும் இல்லை. மடத்துக்குளமா.

பிலவேந்திரன் மாட்ட மாட்டேன்னாரல்ல, அதனாலதான் இன்னைக்கு நானே வந்தேன். கூட வந்தாரு, தோட்டத்தைக் காட்டி விட்டுட்டு அடுத்த ஊர்ல ஒரு வேலைன்னு போயிட்டாரு. நாட்ராயன் முகம் குடுத்துப் பேசலை. பந்தல்ல பாதிக்கு மேல காஞ்சு போய், கம்பியில கொடி சருகாத் தொங்குது. பாக்கக் கஷ்டமாத்தான் இருக்கும் எல்லாருக்கும். நான் போய் மாட்டுனேன். மூடியை நல்லா முறுக்கி மூடீட்டு, "சுவிட்சு போடப் போறேனுங்க"ன்னு சொன்னேன். அவரு போய்த் தென்னைமரத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டாரு. சம்சாரத்தையும் இழுத்துக்கிட்டாரு.

ஓடுச்சுங்க. மொதல்ல காத்து வந்துச்சு, அப்பறம் செம்மண்ணாத் தண்ணி, அப்பறம் நல்ல தண்ணி. வெயிலு உச்சிக்கு வந்து எறங்கற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். நிக்கவே இல்லை. நாட்ராயன் வாய்க்காலுக்குள்ள எறங்கி நின்னுட்டாரு, காலை மட்டும் மாத்தி மாத்தி வெச்சுட்டு இருந்தாரு.

அப்பறம் அவரு சம்சாரம் சாப்பிடாமப் போகக் கூடாதுன்னுட்டாங்க. வேலாத்தான்னு பேரு. காயாம மிச்சம் இருந்த பந்தல்ல பறிச்ச பாகக்கா வறுத்து, பருப்பு கடைஞ்சு வெச்சிருந்தாங்க. நான் சாப்பிட்டுட்டு இருக்கறப்பக் கேட்டாங்க.

"ஏனுங்க அம்மிணி, இந்தப் பலகைய வரைஞ்சவரு செத்துப் போயிட்டாராமுல்லொ?"

எனக்குச் சோறு கையில இருந்துச்சு. "யாரு சொன்னாங்க?"ன்னு கேட்டேன்.

"பிலவேந்திரந்தான். இவரு ஒரு நாளு அந்தாளை வாய்க்கு வந்தபடி வஞ்சுபோட்டாரு. அப்பத்தான் சொல்லுச்சு. பலகையில வரைஞ்சதுதான் கோளாறாம். ஆபீசுல எல்லாருக்கும் ஆரம்பத்துலயே தெரியுமாமுங்க. ஆனா அவரு சம்சாரம் அங்கயேதான் வேலை பாக்குதாம். புருசன் போன சூடு ஆறலை. அந்தப் புள்ளைகிட்டப் போயி, உன்ற வீட்டுக்காரரு தப்பாப் போட்டுட்டாருன்னு எப்படிச் சொல்றதுன்னு ஒருத்தரும் சொல்லலையாம். அவரு சேர்லயே உக்காந்துட்டு இருக்குதாமுங்க அந்தப் புள்ள. எந்திரின்னு சொல்ல யாருக்கு மனசு வரும், சொல்லுங்க?"

"அப்படீங்களா"ன்னேன்.

கட்டில்ல இருந்து நாட்ராயன் சத்தம் போட்டாரு. "அதுக்கு? அவிய மனசு நோகக் கூடாதுன்னு எம்பட பந்தல் காயணுமா?"

"பந்தலை அடுத்த பட்டத்துல போட்டுக்கலாம், கம்முனு இருங்க"ன்னாங்க வேலாத்தா.

நான் பொட்டு வெச்சிருந்தேன், தெனமும் வெச்சுட்டுத்தான் கெளம்பறது, கை தானா வெச்சுருது. அதனால அவங்களுக்கு ஒண்ணும் தோணலை. நானும் ஒண்ணும் சொல்லலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொன்னேன். "அவரு தப்பா வரையலீங்க. சுவிட்சை நகத்தச் சொன்னாங்க. சிப்பை நகத்த நேரம் குடுக்கலை."

"உங்களுக்குப் பழக்கமுங்களா அவரை?"

"கூட வேலை பாத்தேனுங்க."

"எப்படிப்பட்ட ஆளு?"

"நல்லா வரைவாருங்க"ன்னேன். வேற சொல்லணும்னுதான் பாத்தேன். வரலை.

பாருங்கக்கா, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. நௌஷாத்துக்கு, சாருக்கு, கைய வேகவெச்சுக்கிட்டானே அந்த மனுசன், அவனுக்கும். இத்தனை பேரு பந்தல் காயறதைப் பாத்துட்டு, கம்முனு டீ குடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. இதை என்னன்னு சொல்றது? நல்லவங்கன்னு சொல்றதா, என்னன்னு சொல்றது? எனக்குத் தெரியலீங்க. நீங்க சொல்லுங்க. வேண்டாம், விடுங்க.

கெளம்பறப்ப வேலாத்தா பஸ்ஸு நிக்கற எடம் வரைக்கும் கூட வந்தாங்க. ஒரு பையில பாகக்கா குடுத்தாங்க. பஸ்ஸு வர்றது தெரிஞ்சதும் என்ற கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"அம்மிணி, இப்பத்தான் எல்லாம் சரியாப் போச்சே. அந்தப் புள்ளைகிட்ட இதையெல்லாம் சொல்லீராதீங்க. பாவம், தாங்காது."

"சொல்லலீங்க"ன்னேன்.

"சத்தியமா?"

"சத்தியமாச் சொல்ல மாட்டேனுங்க"ன்னு சொல்லீட்டுத்தான் பஸ்ஸு ஏறுனேன். வாக்குக் குடுத்தாச்சு. இன்னும் சொல்லலீங்கக்கா, அந்தப் புள்ளைக்கு.